நிலவேம்பு என்று கேட்டால் எது வரும்? பின்கொகொம்பச் செடியை அறிந்து, வளர்த்து, அளவோடு பயன்படுத்த வன்னி வளவுகளுக்கு ஒரு வழிகாட்டி

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நாட்டு மருந்துக்கடைக்குப் போய் நிலவேம்பு கேளுங்கள். காய்ந்த கட்டொன்று கைக்கு வரும். அது பெரும்பாலும் சிறியாநங்கையாக இருக்கும். தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சப்படுவதும் அந்தச் செடியில்தான். ஆனால் இலங்கையின் பரியாரிமாரில் பலர் காய்ச்சல் கசாயத்துக்கு எழுதித் தரும் நிலவேம்பு வேறொன்று. சிங்களத்தில் பின்கொகொம்ப என்றும், தாவரவியலில் முன்ரோனியா பின்னாட்டா என்றும் அதற்குப் பெயர். நிழல் அடர்ந்த மலைச்சாரல் காடுகளில், முழங்கால் உயரத்தையும் எட்டாமல் வளரும் குறுஞ்செடி அது. அரிதானது, விலையும் கூடியது. அதனால்தான் அதன் இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டும் கசக்கும், இரண்டும் காய்ச்சலுக்குப் போகும், பிறகு என்ன வேறுபாடு என்று கேட்பவர்கள் உண்டு. வேறுபாடு நிறைய இருக்கிறது. முன்ரோனியா வேம்பின் குடும்பமான மெலியேசியைச் சேர்ந்தது. சிறியாநங்கை ஆடாதோடையின் குடும்பமான அகந்தேசியைச் சேர்ந்தது. உள்ளே இருக்கும் சரக்கும் வேறு: முதலாவதில் லிமோனாய்டு வகைச் சேர்மங்கள், இரண்டாவதில் அன்ட்ரோகிராபோலைட். ஒன்றுக்குச் சொன்ன அளவும் எச்சரிக்கையும் மற்றதற்குப் பொருந்தும் என்று எவரும் உறுதி தரமுடியாது. குழப்பம் வராமல் இருக்க, இனி முதற்செடியை முன்ரோனியா என்றும் மற்றதைச் சிறியாநங்கை என்றும் எழுதுகிறேன்.

முதற்படி: உயிருள்ள செடியைப் பார்த்து அறிதல்

இலையில் தொடங்குங்கள். முன்ரோனியாவின் இலை கூட்டிலை. ஒரே காம்பில் மூன்று, ஐந்து, சிலவேளை ஏழு சிற்றிலைகள் இருக்கும். இரண்டிரண்டாக எதிரெதிரே வந்து நுனியில் ஒன்று தனித்து நிற்கும். அந்த நுனிச் சிற்றிலைதான் எல்லாவற்றிலும் பெரிது. சிற்றிலையின் வடிவம் செடிக்குச் செடி மாறுவதால், படத்திலுள்ள இலையோடு அச்சாகப் பொருந்தவில்லை என்று உடனே தள்ளிவிட வேண்டாம். கூட்டிலைகள் தண்டில் மாறி மாறி அமைந்து உச்சிப் பக்கம் நெருங்கி நிற்கும். தண்டு உருண்டையானது, அடியில் மரத்தன்மை கொண்டது, பெரும்பாலும் கிளைக்காமல் ஒற்றையாக எழும்.

சிறியாநங்கையில் கூட்டிலை கிடையாது. ஈட்டி முனை போன்ற தனி இலைகள் தண்டில் எதிரெதிராகப் பிடித்திருக்கும். தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் நான்கு மூலைகள் தட்டுப்படும். நிறையக் கிளைக்கும். ஒரே மாரியில் முளைத்து, பூத்து, காய்த்து முடித்துவிடும். வெயிலையும் தாங்கும்.

பூ இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. முன்ரோனியாவின் பூ தூய வெள்ளை. மெல்லிய நீண்ட குழலும் அதன் நுனியில் விரிந்த ஐந்து இதழ்களுமாக இருக்கும். அத்தனை சிறிய செடிக்கு அந்தப் பூ சற்றுப் பெரிது என்றே தோன்றும். சிறியாநங்கையின் பூ மிகச் சிறியது. இரண்டு உதடாகப் பிளந்திருக்கும், வெள்ளையில் ஊதாக் கறை தெரியும். காயும் உதவும். முன்ரோனியாவின் காய் ஐந்து மடிப்பான சிறு உருண்டை. சிறியாநங்கையின் காய் இரு முனையும் கூர்ந்த, தட்டையான, ஒடுங்கிய நெற்று.

கூட்டிலையா தனி இலையா என்று தீர்மானிக்க முடியாமல் திணறுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. இலைக்காம்பு தண்டில் சேரும் கக்கத்தைப் பாருங்கள். அங்கே சிறு மொட்டு ஒன்று இருந்தால், அந்த மொட்டிலிருந்து வெளிப்புறமாக உள்ள முழுவதும் ஓர் இலை. சிற்றிலைகளின் அடியில் மொட்டு இராது. பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடம்தான். காய்ந்த கட்டை வாங்கும்போதும் இது கைகொடுக்கும்.

வேம்பு என்று பெயர் முடிகிறதென்பதற்காக மலைவேம்பை இதனோடு சேர்க்கவே கூடாது. அது பெருமரம். அந்தச் சாதி மரங்களில் சிலவற்றின் பழம் மனிதருக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் நஞ்சு.

காய்ந்த கட்டை வாங்கும்போது

பொடியாக இருந்தால் வாங்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பொடித்த பிறகு அது எந்தச் செடி என்று கண்ணாலோ நாக்காலோ சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில் நிறப்பகுப்புச் செய்து அன்ட்ரோகிராபோலைட் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் சிறியாநங்கை கலந்திருக்கிறது. அந்த வசதி வீட்டில் யாருக்கு இருக்கிறது?

முழுச் செடியாகக் காய்ந்த கட்டைக் கேளுங்கள். ஒரு தண்டை எடுத்து உருட்டிப் பாருங்கள். காய்ந்த பின்னும் சிறியாநங்கையின் நான்கு மூலைகள் மறைவதில்லை. கட்டின் அடியில் உதிர்ந்து கிடப்பதைக் காகிதத்தில் கொட்டுங்கள். ஒடுங்கிய நெற்றுகள் கிடந்தால் கதை முடிந்தது. மீதமிருக்கும் இலைச் சுருளை இளஞ்சூட்டு நீரில் சற்று நேரம் ஊறவிட்டு, வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். காம்போடு சிற்றிலைகள் விரிந்தால் முன்ரோனியாவாக இருக்க வாய்ப்புண்டு. விலை மலிவாக இருந்தால், இவ்வளவையும் பார்க்குமுன்பே சந்தேகப்படலாம்.

நாக்கில் வைத்துக் கசப்பைப் பார்த்து முடிவு சொல்லும் வழக்கம் கடைகளில் இருக்கிறது. அது ஒரு சோதனையே அல்ல. கசப்புச் செடிகள் ஆயிரம். அவற்றில் சில ஆபத்தானவையும்கூட. ஈசுரமூலி, ஆடுதின்னாப்பாளை இரண்டும் கசக்கும், நாட்டு வைத்தியத்தில் இடமும் உண்டு. ஆனால் அவற்றிலிருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதும் புற்றுநோயை உண்டாக்குவதும் உலகளவில் உறுதிப்பட்ட உண்மைகள். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. எந்தச் செடி என்று தெரியாத கசப்புக் கட்டைக் காய்ச்சிக் குடிப்பதற்கு வேறெந்த ஊரைவிடவும் இங்கே கூடுதலாகத் தயங்க வேண்டும்.

இரண்டாம் படி: காட்டுக்குப் போகாதிருத்தல்

மூலிகை வழிகாட்டிகள் பொதுவாகக் காட்டில் எங்கே தேடுவது என்று சொல்லும். இது தேடாதீர்கள் என்று சொல்கிறது.

முன்ரோனியாவின் இயற்கை வாழ்விடம் இலங்கையின் இடைவலயத்திலும் உலர்வலயத்திலும் உள்ள நிழற்காடுகளின் தரை. மலைச்சாரல்களில், பாறை இடுக்குகளில் இலைச் சருகு மக்கிய மண்ணில், மேலே மரக்கூரை மூடியிருக்கும் இடங்களில் அது நிற்கும். வன்னியின் காடு பாலையும் வீரையும் முதிரையும் பனிச்சையும் நிறைந்த தாழ்நிலக் காடு. கோடையில் அதன் தரை காய்ந்து வெடித்துவிடும். ஆற்றோரங்களிலும் குளங்களின் மேல்பக்கத்து அடர்காட்டிலும்தான் ஈரம் ஓரளவு தங்கும். அத்தகைய இடத்தில் தற்செயலாக இந்தச் செடி கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிடுங்கக் கூடாது என்பதற்குக் காரணம் எளிது. பழைய வழக்கில் இது சமூலம், அதாவது வேர் முதல் பூ வரை மொத்தமும் மருந்து. இலையை மட்டும் கிள்ளினால் செடி மீளும். வேரோடு போனால் அந்த இடத்தில் அடுத்த தலைமுறை இல்லை. காய் வெடித்து விதை விழுமுன் பிடுங்கினால் விதையும் இல்லை. மெதுவாக வளரும் செடி, சிறிய கூட்டங்களாக வாழும் செடி, விலையுள்ள செடி. மூன்றும் ஒன்றுசேர்ந்தால் காடு காலியாகிவிடும். இலங்கையில் இது அருகிப்போனதற்கு வரம்பில்லாமல் பிடுங்கியதே முதற்காரணம்.

சட்டமும் இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச்சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி எதையும் எடுப்பது குற்றம். சரணாலயங்களுக்கும் தேசிய வனங்களுக்கும் 1937ஆம் ஆண்டின் தாவர, வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. மருந்துக்குத்தானே என்ற பதில் வனவள அதிகாரியிடம் செல்லாது.

இன்னொரு காரணம் வன்னிக்கே உரியது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலை நெடுங்காலமாக நடந்தாலும், துப்புரவு செய்து கையளிக்கப்படாத காட்டுத் துண்டுகளை நம்பி நுழையமுடியாது. மூலிகை தேடுபவர் தடம் விட்டு விலகி, குனிந்து, சருகைக் கிளறி, வேரைத் தோண்டுபவர். மிதிவெடி உள்ள நிலத்தில் செய்யக்கூடாத அத்தனையையும் வரிசையாகச் செய்பவர். சிவப்பு எச்சரிக்கைப் பலகை இல்லை என்பது அனுமதி ஆகாது. யானையும் கரடியும் இதற்கப்பால்.

மூன்றாம் படி: கன்றுக்கு வழி

ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டங்களிலும், மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தின் கீழுள்ள வைத்தியசாலைகளிலும் விசாரிப்பதுதான் முதல் வேலை. கைதடியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் பிரிவில் படித்து வெளிவந்த வைத்தியர்கள் வன்னி முழுவதும் கடமையில் இருக்கிறார்கள். எங்கே நம்பிக்கையான கன்று கிடைக்கும் என்று அவர்களிடம் கேட்கலாம். கேட்கும்போது நிலவேம்பு என்று மட்டும் சொன்னால் பழைய சிக்கல் திரும்பிவிடும். பின்கொகொம்ப என்றோ முன்ரோனியா என்றோ சொல்லுங்கள். கன்றைக் கையில் வாங்குமுன் முதற்படியில் சொன்ன கூட்டிலைச் சோதனையைச் செய்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மாதம் தண்ணீர் விட்ட பிறகு அது சிறியாநங்கை என்று தெரிவதில் யாருக்கும் பயன் இல்லை.

ஒரு தாய்ச்செடி கிடைத்துவிட்டால் பெருக்குவது கடினம் அல்ல, பொறுமைதான் வேண்டும். விதை என்றால், காய் பழுப்பேறி வெடிக்குமுன் மெல்லிய துணியை அதன்மேல் பை போலக் கட்டிவிடுங்கள். வெடித்தபின் விதைகள் சருகுக்குள் போய்விட்டால் கண்டெடுக்க முடியாது. எடுத்த விதையை டப்பாவில் போட்டு அடுத்த மாரிக்கு என்று வைக்காமல் உடனே ஊன்றுங்கள்.

தண்டுத் துண்டும் வேர்விடும். இளந்தளிரும் வேண்டாம், முற்றிக் கட்டையானதும் வேண்டாம். இடைப்பட்ட பருவத்தில் இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக வெட்டுங்கள். கீழ்க்கணுவின் இலையைக் களைந்து, மேலே ஓர் இலையைப் பாதியாக நறுக்கி விடுங்கள். கழுவிய ஆற்றுமணலும் தும்புத்தூளும் சம அளவில் கலந்த பையில் ஊன்றி, பொலித்தீன் கூடாரத்துக்குள் ஆழ்ந்த நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். கூடாரத்தின் உட்புறம் நீர்முத்துகள் படிந்திருக்கும்வரை தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. மேலும் மேலும் ஊற்றினால் துண்டு அழுகும்.

நான்காம் படி: வளவில் ஒரு காட்டுத்தரை

மலைச்சாரல் செடியை வன்னியில் வளர்க்க முடியுமா? வெயிலில் வைத்தால் முடியாது. வன்னியின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் சிறிது இடிமழை, பிறகு சோளகக் காற்று ஈரத்தை மொத்தமாக உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இந்தச் செடிக்குத் தேவை நிழலும், காற்றுத் தடுப்பும், மக்கிய இலைமண்ணும், வற்றாத ஆனால் தேங்காத ஈரமும். நான்கையும் வளவின் ஒரு மூலையில் உண்டாக்கிவிட்டால் போதும்.

இடம் தேடும்போது மாமரத்தையோ பலாவையோ பாருங்கள். அதன் கிழக்குப் பக்கம் சிறந்தது: காலை இளவெயில் சல்லடையாக விழும், பிற்பகல் வெயிலை மரம் தடுத்துக்கொள்ளும். புளியின் கீழ் வேண்டாம். அங்கே புல்லே சரியாக முளைப்பதில்லை. மரம் இல்லாத புதிய குடியேற்ற வளவுகளில் கிடுகுப் பந்தலோ நிழல்வலையோ போடலாம். கிடுகு மாரியில் உக்கி ஒழுகும். அந்தத் துளிகள் ஒரே இடத்தில் விழுந்து கன்றின் அடிமண்ணைக் கரைத்துவிடுவதால் ஆண்டுதோறும் வேய்வது அவசியம். தென்மேற்குப் பக்கம் சீமைக்கிளுவை வேலியை நெருக்கமாக நட்டால் சோளகத்துக்குத் தடுப்பாகும், வெட்டும் குழை பசளையாகும்.

மண்ணில்தான் வன்னியின் தொல்லை. வவுனியா, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் உள்ள செங்கபில மண் நனைந்தால் களி, காய்ந்தால் கல். அப்படியே குழிதோண்டி நட்டால் மாரியில் குழி கிணறாகிவிடும், வேர் மூச்சுத் திணறும். தரையில் குழி தோண்டாமல் மேட்டுப்பாத்தி எழுப்புங்கள். ஓரடி உயரம் போதும். மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு. பச்சைச் சாணத்தைப் போட்டால் சூடு பிடிக்கும், கறையானும் வந்துசேரும். முல்லைத்தீவின் கரையோர மணலில் நேர்மாறான சிக்கல்: நீர் நிற்கவே நிற்காது. அங்கே மணலைச் சேர்க்காமல் கூட்டெருவைக் கூட்டி, அடியில் தென்னைமட்டைத் தும்பைப் பரப்புங்கள்.

நடும் காலம் ஐப்பசி முதல் மழைகள் இறங்கி மண் குளிர்ந்த பிறகு. கன்றுக்குக் கன்று ஓரடி இடைவெளி போதும். நட்டதும் மேலே காய்ந்த இலைச் சருகை இரண்டு மூன்று விரல் கனத்துக்கு மூடுங்கள், தண்டைத் தொடாமல் சற்று விலக்கி. இந்தச் சருகை காட்டிலிருந்து அள்ளிவர வேண்டாம், மாவிலையும் பலாவிலையும் தாராளமாகச் செய்யும். கோழி உள்ள வீடுகளில் சுற்றி வலை கட்டாமல் சருகு போடுவதில் அர்த்தமே இல்லை. காலையில் பரப்பியதை மதியத்துக்குள் கோழி முற்றம் முழுவதும் பரப்பிவிடும்.

மார்கழியில் நத்தை ஏறும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. உப்பைத் தூவாதீர்கள், பாத்தி கெட்டுவிடும். இரசாயனப் பூச்சிகொல்லி அடித்த செடியை மருந்து என்று காய்ச்சிக் குடிப்பதில் உள்ள முரணைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கோடைதான் உண்மையான சோதனை. மாசி பிறந்ததும் தண்ணீர் முறையை ஒழுங்குபடுத்துங்கள். தினமும் சிறிது தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாலையில் வேர்வரை இறங்கும்படி விடுவது நல்லது. வன்னியின் பல கிணறுகளில் நீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பூச்சு பாத்தியின் மேலும் படியும். இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதையும் ஒரு காரணமாக எண்ணுங்கள். மாரியில் பீலியில் பிடித்த மழைநீர் இருந்தால் கன்றுகளுக்கு அதை ஒதுக்குங்கள். ஆவணியில் சில இலைகள் உதிர்ந்து செடி சோம்பி நிற்கும். தண்டின் தோலை நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

கத்தரியும் வெண்டியும் வளர்த்தவருக்கு இதன் வேகம் சலிப்பைத் தரும். மாதக் கணக்கு இதற்கு ஒத்துவராது, ஆண்டுக் கணக்கு வையுங்கள். முதலாண்டில் எதையும் பறிக்காமல், கிடைக்கும் விதையை எல்லாம் கன்றாக்குவதே சரியான திட்டம்.

ஐந்தாம் படி: எடுத்தல், உலர்த்தல், காத்தல்

பாத்தியில் செடிகள் பெருகிய பின், பூத்துக் காய்த்து விதை எடுத்த செடிகளிலிருந்து மட்டும் எடுங்கள். அடியில் இரண்டு மூன்று கணுக்களை விட்டு மேல்தண்டை வெட்டினால், விட்ட கணுக்களில் துளிர் வர இடமுண்டு. உங்கள் வைத்தியர் வேரோடுதான் வேண்டும் என்றால், ஒரு பாத்தியில் பாதிக்கு மேல் தோண்டாதீர்கள். தோண்டிய குழியில் அன்றே புதுக்கன்று வையுங்கள்.

மண் போகக் கழுவி, நீர் வடியவிட்டு, காற்றோட்டமான நிழலில் மெல்லிய அடுக்காக உலர்த்துங்கள். கொதிக்கும் தகரக் கூரையின் மேல் போடுவது வேலையை விரைவாக்கும், இலையைக் கருக்கியும் விடும். தண்டு வளையாமல் சடக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. மாரியில் உலர்த்த முயலாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட கட்டை வெயிலில் காட்டி மீட்கவும் கூடாது, எறிந்துவிடுங்கள். கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, செடியின் பெயரையும் எடுத்த திகதியையும் எழுதி ஒட்டுங்கள். சிறியாநங்கையும் வீட்டில் இருந்தால் இந்தப் பெயர்ச்சீட்டு கட்டாயம்.

ஆறாம் படி: பயன்படுத்துதல்

மரபு இந்தச் செடிக்குச் சொல்லும் முதற்பயன் காய்ச்சல். அடுத்தது வயிற்றுளைவு, இரத்த சுத்தி, தோல்நோய். மலேரியாவுக்கும் பெயர்போனது. 1934-35 கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு இது. வன்னி அந்த நோயோடு பல தலைமுறை வாழ்ந்தது. குயினைன் எட்டாத கிராமங்களில் எந்தக் கசப்புச் செடிக்கும் மதிப்பு ஏறியிருந்ததில் வியப்பில்லை.

அறிவியல் இதுவரை சொல்வது குறைவு. ஆய்வுகூடத்திலும் எலிகளிலும் நடந்த சோதனைகளில் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மையும் ஒட்சியேற்ற எதிர்ப்புத் தன்மையும் காணப்பட்டிருக்கின்றன. எலியில் தெரிந்தது மனிதருக்கான மருந்தளவு ஆகாது. தமிழ்நாட்டில் டெங்குக் காலத்தில் அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீரைச் சான்றாகக் காட்டுவதும் பொருந்தாது. அது சிறியாநங்கையோடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்த ஒன்பது சரக்குக் கூட்டு. முன்ரோனியா அதில் இல்லை. அந்தக் குடிநீர் பற்றிய எந்த ஆய்வும் முன்ரோனியாவைப் பற்றியது அல்ல.

பரியாரிமார் இதைத் தனியாகக் கொடுப்பது குறைவு. மரமஞ்சள், வேர்க்கொம்பு, கொத்தமல்லி, கண்டங்கத்தரி, பற்படாகம் போன்றவற்றோடு கூட்டித்தான் கசாயம் எழுதுவார்கள். இலங்கை நாட்டு வைத்தியத்தில் கசாயத்துக்கு வழக்கமான கணக்கு இது: எல்லாச் சரக்கும் சேர்த்து 12 கழஞ்சு, அதாவது 60 கிராம், அதற்கு ஏறக்குறைய 2 லீற்றர் நீர், அதை எட்டில் ஒன்றாக, 240 மில்லிலீற்றராக வற்றவைத்து, காலையும் மாலையும் பாதி பாதியாகக் குடிப்பது. 60 கிராம் என்பது கூட்டின் மொத்தம், முன்ரோனியாவின் அளவு அல்ல. அந்த மொத்தத்தில் இதன் பங்கு எவ்வளவு என்பதைப் பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர் ஆளைப் பார்த்துத் தீர்மானிப்பார். நான் இங்கே எண் எழுதாததற்கு அதுவே காரணம்.

காய்ச்சும் முறையில் மட்டும் சில சொல்லலாம். மண்சட்டியோ துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரமோ நல்லது, அலுமினியம் வேண்டாம். சரக்கை ஒன்றிரண்டாக இடித்து, குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். எரிகிற விறகைக் குறைத்து மெல்லிய தீயில், மூடாமல் வற்றவையுங்கள். அன்று காய்ச்சியதை அன்றே முடிக்க வேண்டும். மறுநாள் சூடாக்கிக் குடிக்கும் சிக்கனம் இதில் வேண்டாம்.

குடிக்கக் கூடாதவர்கள்: கருவுற்றவர்கள், கருத்தரிக்க முயல்பவர்கள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள், சிறுநீரக நோயாளர். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. சர்க்கரை எதிர்பாராமல் இறங்கிவிடக்கூடும். கையில் இருப்பது சிறியாநங்கை என்றால் இன்னொன்றும் உண்டு: அரிதாக, ஆனால் கடுமையாக, ஒவ்வாமை உண்டானவர்கள் இருக்கிறார்கள். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

காய்ச்சல் என்றால் முதலில் என்ன செய்வது

காய்ச்சலுக்கு இந்தச் செடியைத் தேடுபவர்களே அதிகம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மலேரியாவை ஒழித்த நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. இப்போது வன்னியில் மாரிக்காலக் காய்ச்சல் என்றால் முதலில் நினைக்க வேண்டியவை டெங்கும் எலிக்காய்ச்சலும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. சேற்றில் இறங்கி வேலைசெய்யும் வன்னி விவசாயிக்கு அந்த ஆபத்து ஆண்டுதோறும் உண்டு.

எலிக்காய்ச்சலுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்து இருக்கிறது, தொடக்கத்திலேயே எடுத்தால் கேட்கும். கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றோடு காய்ச்சல் வந்தால், வயலில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள். விதைப்புக் காலத்தில் முன்கூட்டியே எடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. கசாயம் குடித்தோம், சூடு இறங்கிவிட்டது, வேலை செய்கிறது என்று வீட்டார் மகிழும் அதே நேரம். வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு பகல் பார்க்காதீர்கள். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனை கட்டாயம். வலிக்கும் சூட்டுக்கும் பரசிட்டமோல் அளவோடு போதும். அஸ்பிரினும் இபுபுரூபனும் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும்.

வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் பயணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இறக்குமதியாகும் மலேரியா இன்னும் கண்டுபிடிக்கப்படுகிறது. அதற்குரிய மருந்தை அரச வைத்தியசாலைகள் இலவசமாகத் தருகின்றன.

வைத்தியசாலையில் சேர்ந்தால் கசாயம் குடித்ததையும் ஒளிக்க வேண்டாம். எந்தச் செடி, எத்தனை நாள் என்று சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து பலர் சொல்வதில்லை. ஈரல், சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளைப் படிக்கும் மருத்துவருக்கு அந்தத் தகவல் தேவை. மிச்சக் கட்டு வீட்டில் இருந்தால் அதையும் பெயர்ச்சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.